பிடிசிபே சர்வர்: பதினாலு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து டிஷர்ட் பேட்டர்ன் போட்டு விற்கிறவன் நான். பகலில் பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் பேட்டர்ன் வேலை. சாம்பிளைப் பார்த்து அளவெடுத்து, எஸ் முதல் 2எக்ஸ்எல் வரை கிரேடிங் செய்து, துணியில் துண்டுகளை எப்படி அடுக்கி வெட்டுவது என்ற மார்க்கர் போட்டுக் கொடுப்பேன். ராத்திரியில் அதே கைவேலையை உலகத்துக்கு விற்கிறேன். வீட்டு பிரின்டரில் எடுத்து ஒட்டிக்கொள்கிற மாதிரி ஏ4 தாள்களாகப் பிரித்த பிடிஎஃப். ஒற்றை பேட்டர்ன் 9 டாலர். போலோ, ரவுண்ட் நெக், ராக்லான் மூன்றும் சேர்ந்த தொகுப்பு 24 டாலர்.

பிடிசிபே என்பது கடைக்காரன் பிட்காயினில் பணம் வாங்குவதற்கான மென்பொருள். கிரிப்டோ மேல் எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. அந்தப் பக்கம் என்னைத் தள்ளியது இரண்டு விஷயம்.

ஒன்று, லாகோஸ் தையல்காரர்கள். நைஜீரியாவிலிருந்து வாரத்துக்கு ஒருவராவது வாட்ஸ்அப்பில் வந்து, "பேட்டர்ன் பிடித்திருக்கிறது, கார்டு போகவில்லை, பிட்காயின் வாங்குவீர்களா" என்று கேட்பார்கள். முதலில் ஏமாற்று வேலை என்று நினைத்து ஒதுக்கினேன். விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. 2022-இல் அங்கே டாலர் தட்டுப்பாடு வந்து, வங்கிகள் சில நைரா கார்டில் வெளிநாட்டுச் செலவை மாதம் 20 டாலர் என்று சுருக்கிவிட்டன, சில அடியோடு நிறுத்திவிட்டன. மாதம் இருபது டாலரில் ஒருவர் என் தொகுப்பை வாங்கவே முடியவில்லை. கையில் பணம் இருந்தது, கடையும் திறந்திருந்தது, நடுவில் பாலம் இல்லை. அந்த ஊரில் கிரிப்டோ என்பது பணக்காரனாகும் வழி இல்லை, சாமான் வாங்கும் வழி.

இரண்டாவது, கார்டில் வந்த ஒரு தகராறு. ஒருவர் 24 டாலர் தொகுப்பை வாங்கி, எல்லா ஃபைலையும் இறக்கிக்கொண்டு, மூன்று வாரம் கழித்து "இந்தப் பணம் நான் கட்டியதே இல்லை" என்று தன் வங்கியில் சொல்லிவிட்டார். டவுன்லோட் ஆன தேதி, நேரம் எல்லாம் அனுப்பினேன். பிரயோஜனம் இல்லை. பணமும் போனது, அதற்கு மேல் அபராதக் கட்டணமும் போனது. பொருள் திரும்பி வருமா என்றால், பிடிஎஃப் எப்படித் திரும்பி வரும்?

முதலில், நமக்காக கிரிப்டோ வாங்கிக் கொடுக்கும் கேட்வே கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஐந்தாவது ஆர்டரில் ஆதாரம் காட்டு, முகவரி காட்டு, பணம் எங்கிருந்து வந்தது சொல் என்று நிறுத்தி வைத்து மூன்று வாரம் கழித்துக் கொடுத்தார்கள். அப்போதுதான் கோயம்புத்தூரில் படிக்கும் அக்கா பையன், "மாமா, நடுவுல ஆளே இல்லாம ஒண்ணு இருக்குது, பிடிசிபே சர்வர்னு. ஆனா கருப்புத் திரையில கட்டளை தட்டோணும்" என்றான்.

அது பிறந்த கதை ருசியானது. 2017-இல் பிட்காயின் உலகமே பிளாக் (பரிமாற்றங்களை மொத்தமாகக் கட்டி ஏற்றும் கட்டு) அளவைப் பெரிதாக்கலாமா கூடாதா என்று இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அப்போது பிட்பே என்ற பெரிய பேமெண்ட் நிறுவனம் ஒரு பக்கம் சாய்ந்து அறிக்கை விட, ஜப்பானில் வாழும் நிக்கோலா டோரியே என்ற பிரெஞ்சு புரோகிராமருக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது, உங்களுக்கு வேலையே இல்லாமல் செய்கிறேன் என்று ட்வீட் போட்டார். சபதம் போடுகிறவர்கள் நிறையப் பேர், உட்கார்ந்து எழுதி முடிக்கிறவர் அபூர்வம். இவர் முடித்தார். திறந்த மூல மென்பொருள், இலவசம், கமிஷன் கிடையாது, யாரிடமும் கணக்குத் திறக்க வேண்டாம். நம் சர்வரில் நாமே ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த 'நாமே'யில்தான் எல்லாம் இருக்கிறது.

நிறுவுவதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வெளியூர்க் கம்பெனி ஒன்றில் மாதம் சுமார் 1,100 ரூபாய் வாடகைக்கு ஒரு சர்வர். டாக்கர் என்ற நிறுவும் கருவி மூலம் நாலைந்து கட்டளைகள். பிட்காயினின் முழுக் கணக்குப் புத்தகமும் இப்போது 600 ஜிபிக்கு மேல் போகிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டால் வாடகை எகிறும். அதனால் பழைய பிளாக்குகளைக் கழித்துக்கொண்டே வரும் வசதியைப் போட்டோம், நூறு ஜிபிக்குள் அடங்கியது. கழித்தாலும் முதலிலிருந்து ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் கடை திறக்கும். 2009-இலிருந்து நடந்த ஒவ்வொரு பரிமாற்றத்தையும் என் வாடகை சர்வர் மூன்று நாள் உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் சதவீதம் ஏறுவதை நானும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைத் தளத்துக்கான மென்பொருளான வூகாமர்ஸோடு இணைப்பது அரை மணி நேர வேலை. அதற்கென்று தனிச் சொருகி இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் சாவி. சர்வரில் நம் பணத்தின் சாவி இருக்க வேண்டியதே இல்லை. வாலட்டிலிருந்து (நம் பிட்காயினைக் கையாளும் செயலி) விரிவான பொதுச்சாவி என்று ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும். அதை வைத்துக்கொண்டு சர்வர் புதுப் புது முகவரிகளை உண்டாக்கும், பணம் வந்ததா என்று பார்க்கும். எடுக்க முடியாது. கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். சர்வரில் இருப்பது வாய் மட்டும். சாவி என் வீட்டு இரும்பு பீரோவில், பனிரண்டு ஆங்கில வார்த்தைகளாக, ஒரு காலர் பேட்டர்ன் அட்டையின் பின்பக்கம் இருந்தது. (இப்போது அங்கே இல்லை, தேடி வராதீர்கள்.) நாளைக்கு எவனாவது சர்வருக்குள் புகுந்தாலும் அதுவரை சேர்ந்த பணத்தைத் தொட முடியாது. இனி வருகிறவர்களுக்குத் தன் முகவரியை மாற்றிக் காட்டலாம், அது வேறு விஷயம், அதற்காகத்தான் இரட்டைப் பூட்டு போட்டு வைத்திருக்கிறேன்.

இந்த உண்டியல் ஏற்பாட்டில் ஒரு வளைவு இருக்கிறது. அதில் நான் நன்றாக விழுந்தேன்.

சர்வர் புதுப் புது முகவரி உண்டாக்கும் என்றேன் இல்லையா. ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு புது முகவரி, அதாவது தனி உண்டியல். வாங்குகிறவர் செக்அவுட் வரை வந்து பிட்காயின் பட்டனை அமுக்கிவிட்டு, கட்டாமல் போனாலும் அந்த முகவரி செலவானது செலவானதுதான். ஒரு வாரம் ஏதோ ரோபோ வந்து என் கடையில் விடாமல் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குப் பிறகு லாகோஸிலிருந்து ஒருவர் 24 டாலர் அனுப்பினார். சர்வர் 'பணம் வந்தது' என்கிறது, ஃபைலும் போய்விட்டது. என் கைபேசி வாலட்டைத் திறந்தால் பழைய இருப்புதான், ஒரு பைசா ஏறவில்லை. ராத்திரி பனிரண்டரை மணி. சர்வரை எவனோ பிடித்துவிட்டான், முகவரியை மாற்றிவிட்டான் என்றே முடிவு கட்டிவிட்டேன். அக்கா பையனை எழுப்பினேன். அவன் தூக்கக் கலக்கத்தில், "கேப் லிமிட் எவ்வளவுன்னு பாருங்க மாமா" என்றான்.

விஷயம் இதுதான். வாலட்டுகள் பெரும்பாலும், தொடர்ந்து இருபது முகவரி காலியாக இருந்தால் அதற்கு மேல் ஒன்றும் இருக்காது என்று தேடுவதை நிறுத்திக்கொள்ளும். என் பணம் முப்பத்தி சொச்சமாவது உண்டியலில் கிடந்தது. எல்லையை நூறு என்று மாற்றியதும் டிங்கென்று வந்து உட்கார்ந்தது. தப்பு யாருடையதும் இல்லை, பிடிசிபே ஆவணங்களிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்காதது நான். ஆனால் அந்த இருபது நிமிஷம் இதயம் ஓவர்லாக் மெஷின் மாதிரி ஓடியது. கடை போடும் முதல் நாளே இந்த எண்ணை மாற்றி வையுங்கள்.

அடுத்தது, பாதிப் பணம். கார்டில் 9 டாலர் என்றால் 9 டாலர்தான் வரும், எட்டே முக்கால் வராது. இங்கே வரும். வாங்குகிறவர், கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் ஒன்றிலிருந்து அனுப்புவார். '9 டாலர் மதிப்பு' என்று அடிப்பார். எக்ஸ்சேஞ்ச் தன் கட்டணத்தை அதற்குள்ளேயே கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பும். எனக்கு வருவது ஏழே முக்கால். சர்வர் கறாரான கணக்குப்பிள்ளை, முழுசாக வரவில்லை, பாக்கி இவ்வளவு என்று திரையில் காட்டிக்கொண்டே நிற்கும். அதற்குள் பில்லின் காலக்கெடு முடிந்துவிடும். ஆளுக்குப் பணமும் போய், ஃபைலும் வரவில்லை. லாகோஸில் மாலை ஏழு மணி என்றால் நமக்கு ராத்திரி பதினொன்றரை. "அண்ணா, ஃபைல் எங்கே" என்று வாட்ஸ்அப் வர ஆரம்பித்துவிடும். ஆமாம், அண்ணாதான், அங்கேயும் எல்லாரும் அண்ணன் தம்பிதான், ஆங்கிலத்தில் 'ப்ரோ' என்பார்கள்.

இதற்கு இரண்டு திருகாணி இருக்கிறது. சில சதவீதம் வரை குறைந்தாலும் முழுசாக வந்ததாக எடுத்துக்கொள் என்று சொல்லலாம். காலக்கெடுவை நீட்டலாம், மென்பொருளோடு வரும் அளவு 15 நிமிஷம்தான், நான் ஒரு மணி நேரமாக்கினேன். அந்த ஒரு மணிக்குள் பிட்காயின் விலை இறங்கினால் நஷ்டம் எனக்கு. ஒன்பது டாலரில் அது சில காசுகள், பரவாயில்லை. ஒன்பதாயிரம் டாலருக்கு விற்கிறவர் பதினைந்திலேயே விட்டுவிடட்டும்.

காத்திருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பிளாக் சராசரியாகப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வரும். சராசரி என்பதைக் கவனியுங்கள், சில சமயம் இரண்டு நிமிஷம், சில சமயம் நாற்பது. அதில் ஏறும் வரை பணம் உறுதி இல்லை, அனுப்பியவர் நினைத்தால் அதே பணத்தைக் கூடுதல் கட்டணம் போட்டு வேறு பக்கம் திருப்பலாம். டிஜிட்டல் பொருளை ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது என்பதால் ஒரு உறுதிக்கு (பிளாக்கில் ஏறியதற்கு) பிறகே டவுன்லோட் லிங்க் போகட்டும் என்று வைத்திருந்தேன். ஆனால் உடனே கிடைக்கும் என்று நினைத்துத்தானே பிடிஎஃப் வாங்குகிறார்கள்? கடைசியில் 9 டாலர் ஃபைல்களுக்கு மட்டும் உறுதிக்குக் காத்திருக்காமல், பணம் வருவது தெரிந்த உடனே லிங்க் போகிற மாதிரி மாற்றிவிட்டேன். இதுவரை ஒருவரும் ஏமாற்றவில்லை. ஒன்பது டாலர் பேட்டர்னுக்காக அவ்வளவு வித்தை காட்டுகிறவன் இருந்தால் எடுத்துக்கொண்டு போகட்டும்.

இனி, யாரும் முன்னாடியே சொல்லாத செலவு. ஒவ்வொரு பில்லுக்கும் தனி உண்டியல் என்றேன். அவற்றை ஒருநாள் உடைத்து மொத்தமாக விற்கப் போகும்போது, எத்தனை உண்டியலோ அத்தனைக்கும் சேர்த்து வலைப்பின்னல் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம் தொகையைப் பொறுத்தது இல்லை, எடுத்துக்கொள்ளும் இடத்தைப் பொறுத்தது. இன்றைய நடைமுறை முகவரிகளில் ஒரு உண்டியல் சுமார் 68 வர்ச்சுவல் பைட் இடம் பிடிக்கும். நெரிசல் உள்ள நாளில் பைட்டுக்கு 20 சடோஷி (ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) என்றால் 1,360 சடோஷி. பிட்காயின் ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொண்டால், 9 டாலர் என்பது 9,000 சடோஷி. ஆக, பதினைந்து சதவீதம் போகிறது. நெரிசல் இல்லாத நாளில் பைட்டுக்கு 2 சடோஷி என்றால் ஒன்றரை சதவீதத்தோடு முடிந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் கட்டண நிலவரம் பார்த்துவிட்டு உண்டியல்களை ஒன்றாக்கி வைப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. சின்னத் தொகை விற்கிறவர்களைக் கட்டணம் கொல்லும் என்பது புதுச் செய்தி இல்லை. கேம் விற்கும் ஸ்டீம் 2017 டிசம்பரிலேயே இந்தக் கட்டணத்தையும் விலை ஆட்டத்தையும் காரணம் சொல்லி பிட்காயினைக் கைவிட்டது. பேமெண்ட் நிறுவனமான ஸ்ட்ரைப் 2018-இல் விலகியது.

இதற்கு மருந்து லைட்னிங், அதாவது பிட்காயினுக்கு மேலே ஓடும் வேக வலை, என்பார்கள். மருந்துதான், ஆனால் பத்தியம் கடுமை. லைட்னிங்கில் பணம் ஒரு நொடியில் வரும், கட்டணம் மிகச் சொற்பம், சில்லறைக்கென்றே செய்தது. பிடிசிபேயில் அதுவும் சேர்ந்தே வருகிறது. சிக்கல் வாங்குகிற பக்கத்தில். சின்னப் பிள்ளைகளின் மணிச்சட்டத்தில் ஒரு கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த முனையில் நான், அந்த முனையில் இன்னொருவர். மணிகள் எல்லாம் என் பக்கம் இருந்தால் நான் தள்ளலாம், அவர் எனக்குத் தள்ள மணி இல்லை. புதிதாகக் கம்பி கட்டும் கடைக்காரர் தன் காசைப் போட்டுக் கட்டுவதால் மணிகள் எல்லாம் கடைக்காரர் பக்கமே இருக்கும். ஆக, விற்க வந்தவனால் செலவு செய்ய முடியும், ஒரு பைசா வாங்க முடியாது! அந்தப் பக்கம் மணி வைப்பதற்குக் காசு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டும். இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன், ஒருமாதிரி ஓடுகிறது. லைட்னிங்குக்கு மட்டும் சாவி சர்வரிலேயே இருக்க வேண்டும் என்பதால் அதில் ஐம்பது டாலருக்கு மேல் சேரவிடுவதில்லை.

லாகோஸ்காரர்கள் உண்மையில் கேட்பது யுஎஸ்டிடி, டாலர் மதிப்போடு கட்டிவைத்த கிரிப்டோ நாணயம். விலை ஆடாது, டிரான் என்ற கிரிப்டோ வலையில் அனுப்பப் பழகியிருக்கிறார்கள். பிடிசிபே அடிப்படையில் பிட்காயின் வீடு, மற்ற நாணயங்கள் வெளியார் எழுதும் சொருகிகளாகத்தான் வரும். நான் போடவில்லை. ஒரே யுஎஸ்டிடி பல வலைகளில் ஓடுகிறது. தவறான வலையில் அனுப்பிவிட்டு நடுராத்திரியில் அழுகிறவர்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஆள் இல்லை. இதனால் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள் என்பது தெரியும்.

இப்போது ஆடிட்டர். மென்பொருளைப் பற்றி எழுதும்போது ஆடிட்டரைச் சேர்க்காமல் விட்டால் அது பாதி விமர்சனம்தான், நம் நாட்டிலாவது.

முதல் மூன்று மாதக் கணக்கைக் கொண்டுபோய் வைத்தேன். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "ஏனுங்க தம்பி, இது வருமானமுங்களா, சொத்துங்களா?"

"ரெண்டும் மாதிரி இருக்குதுங்க சார்."

"ரெண்டுக்கும் வரி கட்டுவீங்களா அப்ப?"

அவர் கேலியாகக் கேட்டதுதான் கடைசியில் பதிலாக வந்தது. பணம் வந்த நாளில் அதன் ரூபாய் மதிப்பு என் தொழில் வருமானம். அதை வைத்திருந்து பிறகு விற்கும்போது விலை ஏறியிருந்தால், ஏறிய பகுதிக்கு 30 சதவீதம் வரி, மேலே செஸ். 2022 ஏப்ரலிலிருந்து இதுதான் சட்டம். விலை இறங்கி நஷ்டம் வந்தால் அதை வேறு எதிலும் கழிக்க முடியாது. இந்திய எக்ஸ்சேஞ்சில் விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், அது அதே வருஷம் ஜூலையிலிருந்து. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஜிஎஸ்டிதான் அடி. வெளிநாட்டுக்கு விற்றால் ஏற்றுமதி, ஜிஎஸ்டி சுழியம். ஆனால் ஏற்றுமதிச் சேவை என்று கணக்கில் ஏற வேண்டுமானால் பணம் மாற்றத்தக்க அன்னியச் செலாவணியாகவோ ரிசர்வ் வங்கி அனுமதித்த வகையில் ரூபாயாகவோ வந்திருக்க வேண்டும். பிட்காயின் இரண்டிலும் சேராது. "பேட்டர்ன் நைஜீரியா போயிருச்சு, பணம் எந்த நாட்டுல இருந்து வந்துச்சுன்னு பேங்க் பேப்பர் காட்டுங்க பாக்கலாம்" என்றார். காட்ட ஒன்றும் இல்லை. கம்பெனி வேலைக்காக நான் ஏற்கனவே ஜிஎஸ்டியில் பதிந்தவன். பின்னால் நோட்டீஸ் வாங்குவதைவிட இப்போதே கட்டிவிடலாம் என்று, பிட்காயினில் வருவதற்கு மட்டும் 18 சதவீதம் கட்டச் சொல்லிவிட்டார். 9 டாலருக்குள்ளேயே வரி என்று கணக்குப் போட்டால் 1 டாலர் 37 சென்ட் அதிலேயே போய்விடுகிறது. கார்டுக் கம்பெனி எடுத்த நாலு சொச்சம் சதவீதத்தைக் கொள்ளை என்று திட்டிக்கொண்டிருந்தவன் நான்!

ஒரு நல்ல வார்த்தை. ஆடிட்டருக்கு வேண்டியதை பிடிசிபே அழகாகக் கொடுக்கிறது. ஒவ்வொரு பில்லும் எந்த நேரத்தில், என்ன விலையில், எத்தனை சடோஷியாக வந்தது என்ற அறிக்கையை சிஎஸ்வியாக இறக்கிக்கொள்ளலாம். ரூபாய்க்கு மாற்றும் ஒரு கட்டத்தை மட்டும் நான் எக்செலில் சேர்த்துக்கொள்கிறேன். அவரே, "இது உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டவிடத் தெளிவா இருக்குதுங்களே" என்றார்.

ரூபாயாக்கும் வழியில் குறுக்குச் சந்து ஒன்று இருக்கிறது: முகம் தெரியாத ஆளிடம் நேரடியாக விற்றுவிட்டு அவர் வங்கிக்கு அனுப்பும் பணத்தை வாங்கிக்கொள்வது. போகாதீர்கள். காதர்பேட்டையில் எனக்குத் தெரிந்தவர் அப்படி விற்று வாங்கிய பணம் எங்கோ வடக்கே யாரையோ ஏமாற்றிய பணமாக இருந்திருக்கிறது. ஏமாந்தவர் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் கொடுக்க, இவர் கணக்கு முடங்கி, தீபாவளி போனஸ் கொடுக்கும் நேரத்தில் வேறு மாநிலத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு மெயில் போட்டுக்கொண்டிருந்தார். நான் எஃப்ஐயூவில் (மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவு) பதிவு செய்த எக்ஸ்சேஞ்ச் வழியாக மட்டும், மாதம் ஒருமுறை விற்கிறேன். கையில் வைத்து விலை ஏறட்டும் என்று பார்ப்பதில்லை. 2024 டிசம்பரில் லட்சம் டாலர் தாண்டியபோது கொஞ்சம் வயிறு எரிந்தது, சரி, நான் பேட்டர்ன் வியாபாரி.

கணக்கு இது. பதினாலு மாதத்தில் 77 ஆர்டர், 61 ஒற்றை, 16 தொகுப்பு, மொத்தம் 933 டாலர். ரூபாயில் எண்பதாயிரத்துச் சொச்சம். சர்வர் வாடகை 15,400. மென்பொருள் ஒரு பைசா கேட்கவில்லை, ஆனால் வாடகையே கிட்டத்தட்ட இருபது சதவீதம். இதுவே மாதம் ஐந்நூறு ஆர்டர் என்றால் அந்த வாடகை கண்ணுக்கே தெரியாது. என் அளவில் தெரிகிறது. அந்த சர்வர் கம்பெனி பிட்காயின் வாங்குவதில்லை, வாடகையை கார்டில்தான் கட்டுகிறேன்.

அப்படியென்றால் ஏன் மூடவில்லை? 77 பேரில் பெரும்பாலோர் வேறு எந்த வழியிலும் என்னிடம் வாங்கியிருக்க முடியாதவர்கள். ஒரு தகராறு வரவில்லை, ஒரு ரூபாயும் யாரும் திருப்பி இழுக்கவில்லை, ஒருவரும் என்னிடம் ஆதாரம் கேட்டுப் பணத்தை நிறுத்தி வைக்கவில்லை. மென்பொருள் பதினாலு மாதத்தில் ஒருமுறைகூடக் கணக்கைத் தப்பாகச் சொன்னதில்லை. நான்தான் பலமுறை தப்பாகப் புரிந்துகொண்டேன். கார்டு போகிற வாடிக்கையாளர்கள் மட்டுமே உள்ளவர்கள் இதற்குள் வர வேண்டியதில்லை. கார்டு எட்டாத ஊரில் கேட்கிற ஆள் இருந்து, கருப்புத் திரைக்குப் பயப்படாத அக்கா பையனும் இருந்தால் ஓட்டிப் பாருங்கள். பட்டனைக் கார்டுக்குக் கீழே, இரண்டாவதாக வையுங்கள். மேலே வைத்த மாதம் எனக்கு கார்டு விற்பனையே குறைந்தது, பிட்காயின் என்று பார்த்ததுமே சிலர் கடையைச் சந்தேகப்படுகிறார்கள்.

திருப்பிக் கொடுக்கும் வசதியையும் போன மாதம்தான் முதல்முறை பயன்படுத்தினேன். ஒரு தையல்காரம்மா, காலக்கெடு முடிந்த பிறகு ஒரு தடவை, பயத்தில் புதுப் பில் போட்டு இன்னொரு தடவை என்று 9 டாலரை இரண்டு முறை அனுப்பிவிட்டார். முதலில் வந்ததை 'தாமதமாக வந்தது' என்று சர்வர் தனியாகக் குறித்து வைத்திருந்தது. திருப்பிக் கொடு என்று அமுக்கினால் ஒரு லிங்க் உண்டாகிறது, அன்றைய விலையிலா இன்றைய விலையிலா என்று கேட்கிறது, அதை அவருக்கு அனுப்பினால் அவர் தன் முகவரியைப் போட்டுப் பெற்றுக்கொள்ளலாம். அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், "பணம் வேண்டாம், ஹூடி பேட்டர்ன் எப்போது போடுவீர்கள், அதில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று வந்தது. லிங்க் இன்னும் உரிமை கோரப்படாமல் பட்டியலில் நிற்கிறது. ஹூடிக்குத் தொப்பியின் வளைவு எக்ஸ்எல்லுக்கு மேல் இடிக்கிறது, கிரேடிங் முடியவில்லை.